பாப்3 போதுமா, ஐமேப் வேண்டுமா: ஓர் அஞ்சலையும் இழக்காமல் மாறுவதற்கு முழுமையான வழிகாட்டி

ஜூலை மாதக் கடைசி வாரம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடியில் இருந்த ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். ஒரே மின்னஞ்சல் முகவரி; அதைப் பார்ப்பவை மூன்று கணினிகளும் ஒரு கைபேசியும். வாடிக்கையாளர்கள் அனுப்பிய படிவம் 16 பாதி ஒரு கணினியில் இருந்தது, மீதி இன்னொன்றில். காலையில் கைபேசியில் கண்ட அஞ்சல் மதியம் காணவில்லை. "யாரோ அழிக்கிறார்கள் சார்" என்றார் அங்கே வேலை பார்த்த இளைஞர்.

யாரும் அழிக்கவில்லை. வரவேற்பறையில் இருந்த கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாப்3 முறையில் சர்வரிடம் (அஞ்சல் சேவை நிறுவனத்தின் கணினியிடம்) போய், வந்திருந்த அஞ்சல்களை எடுத்துக்கொண்டு, எடுத்தவற்றை அங்கிருந்து நீக்கிக்கொண்டிருந்தது. அதன் அமைப்பு அப்படி. பாப்3, ஐமேப் இரண்டும் அஞ்சல் செயலி சர்வரிலிருந்து அஞ்சலைப் பெறப் பயன்படுத்தும் நெறிமுறைகள், அதாவது இரு பக்கமும் பேசிக்கொள்ளும் விதிகள்.

இதைப் போன்ற பல அஞ்சல்பெட்டிகளை மாற்றிக் கொடுத்த பிறகு இதை எழுதுகிறேன். நெறிமுறையை மாற்றுவது பத்து நிமிட வேலை. படிகளை முன்பின்னாகச் செய்தால் பத்து வருட அஞ்சல் போய்விடும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். எடுத்துக்காட்டுகளுக்குத் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. வேறு செயலி வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. மூலப்பிரதி எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எது வேகம், எது புதியது" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: உங்கள் அஞ்சலின் மூலப்பிரதி எங்கே குடியிருக்க வேண்டும்?

பாப்3 முறையில் மூலப்பிரதி உங்கள் கணினியில் இருக்கிறது. சர்வர் ஒரு தபால்பெட்டி மாதிரி; கடிதத்தை எடுத்து வந்தபின் அங்கே எதுவும் மிஞ்ச வேண்டியதில்லை. ஐமேப் முறையில் மூலப்பிரதி சர்வரில் இருக்கிறது. கணினியிலும் கைபேசியிலும் நீங்கள் பார்ப்பது அதன் பிம்பம். ஒரு சாதனத்தில் படித்தால் எல்லாவற்றிலும் படித்ததாகக் காட்டும். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியின் காரணமும் தானாகப் புரியும்.

2. பாப்3 சர்வரோடு பேசுவதைக் கிட்டத்தில் பாருங்கள்

1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1939 என்ற இணையத் தரநிலை ஆவணம்தான் இன்றும் பாப்3-க்கு அடிப்படை. உரையாடல் மிகச் சிறியது. செயலி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்கிறது. சர்வர் பெட்டியைப் பூட்டிக்கொள்கிறது. "எத்தனை இருக்கின்றன?" என்று செயலி கேட்கிறது, "ஏழு" என்கிறது சர்வர். செயலி ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது, வாங்கியதற்கு "அழிக்க" என்ற குறியை இடச் சொல்கிறது. கடைசியில் விடைபெறும் கட்டளை. அந்தக் கட்டளை வந்து சேர்ந்த பிறகுதான் சர்வர் குறியிட்டவற்றை உண்மையில் நீக்குகிறது.

இதிலிருந்து நடைமுறையில் மூன்று விஷயங்கள் பிறக்கின்றன. விடைபெறுவதற்கு முன் இணைப்பு அறுந்துபோனால் எதுவும் அழியாது. அடுத்த முறை அதே ஏழும் மறுபடி வரக்கூடும். ஆட்டம் காணும் இணைய இணைப்பில் ஒரே அஞ்சல் இரண்டு மூன்று முறை வந்து விழுவதற்கு இது ஒரு காரணம். அடுத்தது, பெட்டி பூட்டியிருக்கும்போது இன்னொரு கணினி வந்து தட்டினால் "பெட்டி பயன்பாட்டில் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பப்படும். கடவுச்சொல் தவறு என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில்தான் கடவுச்சொல்லை மாற்றிக் குழப்பத்தைப் பெருக்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: பாப்3-க்குக் கோப்புறை என்ற ஒன்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பெட்டி. நீங்கள் அனுப்பிய அஞ்சல், வரைவு, வாடிக்கையாளர் பெயரில் பிரித்து வைத்த கோப்புறைகள் எல்லாம் அந்தக் கணினியின் வட்டில் மட்டுமே இருக்கின்றன. படித்தது, படிக்காதது என்ற குறியையும் சர்வர் பாப்3 வழியாகச் சொல்வதில்லை.

"சர்வரிலும் ஒரு பிரதி வைத்திரு" என்று அமைத்தால் என்ன ஆகும்? எதை எடுத்தோம், எதை எடுக்கவில்லை என்பதை நினைவில் வைக்க, செயலி ஒவ்வோர் அஞ்சலுக்கும் சர்வர் தரும் தனி அடையாளத்தைக் குறித்து வைக்கிறது. தண்டர்பேர்டில் 'பாப்ஸ்டேட்' என்ற சிறு கோப்பு இதற்கானது. அந்தக் கோப்பு கெட்டாலோ, யாராவது தேவையற்றது என்று நினைத்து அழித்தாலோ, சர்வரில் இருக்கும் அத்தனையும் புதிது போல மறுபடி இறங்கும்.

3. ஐமேப் எப்படிப் பேசுகிறது

ஐமேப் வாங்கிக்கொண்டு போகும் உறவு இல்லை. சர்வரில் உட்கார்ந்து வேலை செய்யும் உறவு. செயலி முதலில் கோப்புறைப் பட்டியலைக் கேட்கிறது. ஒரு கோப்புறையைத் திறந்ததும் தலைப்புகளை மட்டும் வாங்கலாம். 12 எம்பி இணைப்புக் கோப்பைத் தொடாமல், அஞ்சலின் எழுத்துப் பகுதியை மட்டும் கேட்கவும் வழி உண்டு. தேடலைச் சர்வரிடமே ஒப்படைக்கலாம். கைபேசியில் மூன்று மாத அஞ்சல் மட்டும் இருக்கும்போது ஐந்து வருடத்துக்கு முந்தைய ரசீது அகப்படுவது இதனால்தான்.

படித்தது, பதில் அனுப்பியது, நட்சத்திரமிட்டது, வரைவு, அழிக்க வேண்டியது ஆகிய குறிகள் ஒவ்வோர் அஞ்சலோடும் சர்வரிலேயே ஒட்டியிருக்கின்றன. அழித்தல் இதில் இரண்டு கட்டம்: முதலில் குறி, பிறகு துடைத்தல். சில செயலிகளில் அழித்த அஞ்சல் குறுக்குக் கோட்டோடு அங்கேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது துடைக்கப்படும்வரை இடத்தையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

புதிய அஞ்சல் வந்தவுடன் கைபேசி ஒலிப்பதற்கு 'ஐடில்' என்ற நீட்டிப்பு ஒரு வழி. செயலி இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. அஞ்சல் வந்ததும் சர்வரே சொல்கிறது. பாப்3-இல் இப்படிச் சொல்ல ஆள் இல்லை; குறித்த இடைவெளியில் போய்க் கேட்க வேண்டியதுதான்.

4. மற்ற இரண்டைப் பற்றி ஓரிரு வரிகள்

நிறுவனத்தில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் கணக்கு கொடுத்திருந்தால் அஞ்சலோடு நாட்காட்டியும் தொடர்புப் பட்டியலும் அதன் வழியே ஒத்திசையும். அங்கே ஐமேப் அமைக்கப் பாடுபடாதீர்கள், கொடுத்ததையே பயன்படுத்துங்கள். ஜேமேப் என்ற புதிய நெறிமுறை 2019-இல் தரநிலையானது. வடிவமைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் அதை ஏற்கும் சேவைகள் இன்னும் குறைவு என்பதால் இன்றைய முடிவு பாப்3, ஐமேப் இரண்டுக்குள்தான்.

5. யாருக்கு எது

ஒன்றுக்கு மேற்பட்ட சாதனத்தில் ஒரே பெட்டியைப் பார்க்கிறீர்கள் என்றால் ஐமேப். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. கைபேசியும் ஒரு சாதனம் என்பதை மறக்க வேண்டாம்.

பாப்3 இன்னும் சரியாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. சர்வரில் கிடைக்கும் இடம் மிகக் குறைவாக இருக்கிறது, அஞ்சல் ஒரே கணினியில்தான் பார்க்கப்படுகிறது, அந்தக் கணினிக்கு ஒழுங்காகக் காப்புப் பிரதி எடுக்கப்படுகிறது என்றால் பாப்3 நிம்மதியான வழி. ரகசியமான ஆவணங்கள் வெளியார் சர்வரில் நாள்கணக்கில் கிடக்கக்கூடாது என்று நினைக்கும் வழக்கறிஞருக்கும் அதுவே ஏற்றது. முகவரிக்கு வரும் விண்ணப்பங்களை ஒரு நிரல் எடுத்துத் தரவுத்தளத்தில் சேர்க்கிறது என்றாலும் பாப்3 போதும்.

பாப்3-இலேயே இருப்பவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: "சர்வரில் 14 நாள் வைத்திரு" என்பது போன்ற ஓர் இடைவெளியைக் கொடுங்கள். கணினியின் வட்டு திடீரென்று செத்துப்போனால் கடைசி இரண்டு வாரமாவது மீளும். ஐமேப்புக்கு மாறுபவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

6. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சர்வரின் இட அளவு. உங்கள் கணினியில் இருக்கும் பழைய அஞ்சல் எவ்வளவு என்று பாருங்கள். இலவச ஜிமெயில் கணக்கில் 15 ஜிபி. அதையும் கூகுள் டிரைவும் புகைப்படங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. சொந்த டொமைன் பெயரில் இணையதளத்தோடு வாங்கிய அஞ்சல்பெட்டிகளில் 1 ஜிபிகூட இல்லாதவை இருக்கின்றன. 6 ஜிபி பழைய அஞ்சலை 1 ஜிபி பெட்டியில் ஏற்றத் தொடங்கினால் பெட்டி நிரம்பும். நிரம்பியதும் புதிதாக வரும் அஞ்சல்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

அடுத்து சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் (சர்வரின் எந்த வாசல் வழியே இணைவது என்று சொல்லும் எண்). ஐமேப்புக்கு 993, பாப்3-க்கு 995. இரண்டும் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் குறியாக்கத்தோடு (வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து) இயங்குபவை. பழைய 143, 110 ஆகியவை குறியாக்கம் இல்லாமல் தொடங்குபவை. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் உள்ள வழியைத்தான் பரிந்துரைக்கிறது. அஞ்சல் அனுப்புவது எஸ்எம்டிபி என்ற தனி நெறிமுறை. அதற்கு 465 அல்லது 587. பாப்3-இலிருந்து ஐமேப்புக்கு மாறினாலும் அனுப்பும் அமைப்பு மாறாது.

மூன்றாவது, உள்நுழையும் முறை. வழக்கமான கூகுள் கடவுச்சொல்லைச் செயலியில் தட்டினால் வேலை செய்யாது. கூகுளின் சொந்த உள்நுழைவுச் சாளரம் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அது முடியாத பழைய செயலிக்கு 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல் வாங்கலாம். அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு முன்பே இயங்க வேண்டும். அவுட்லுக்.காம் தனிக் கணக்குகளிலும் 2024 செப்டம்பர் 16 முதல் வெறும் கடவுச்சொல் முறை நிறுத்தப்பட்டுவிட்டது. சொந்த டொமைன் பெட்டிகளில் பயனர் பெயர் என்பது பெரும்பாலும் முழு முகவரி. '@' குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் தட்டி நுழைய முடியாமல் திகைப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

7. காப்புப் பிரதி: இதற்கு முன்னால் எதையும் தொடாதீர்கள்

தண்டர்பேர்டில் உதவி மெனுவுக்குள் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கம் இருக்கிறது. அங்கே 'புரொஃபைல்' கோப்புறையைத் திறக்கும் பொத்தான் உண்டு. இடத்தைக் குறித்துக்கொண்டு செயலியை முழுவதும் மூடுங்கள். பிறகு அந்தக் கோப்புறையை அப்படியே வெளி வட்டில் நகலெடுங்கள். செயலி திறந்திருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதப்பட்ட கோப்பு வந்து சேரக்கூடும்.

அவுட்லுக்கில் பாப்3 அஞ்சல் பிஎஸ்டி கோப்பில் இருக்கும். அதையும் மூடிய நிலையில் நகலெடுங்கள்.

நகல் எடுத்தாயிற்று என்பதோடு நிற்காதீர்கள். வேறொரு கணினியில் அதைத் திறந்து, பழைய கோப்புறை ஒன்றுக்குள் போய், இணைப்புக் கோப்போடு கூடிய ஓர் அஞ்சலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இதைச் செய்ய வேண்டும். தணிக்கையாளர் அலுவலகத்தில் மூன்று கணினிகளிலும் மூன்று வேறு வேறு அஞ்சல் தொகுதிகள் இருந்தன. ஒன்று மற்றொன்றின் நகல் அல்ல.

8. அழிக்கும் கையைக் கட்டுங்கள்

அடுத்து, பாப்3-இல் அமைந்த ஒவ்வொரு சாதனத்திலும் "சர்வரில் அஞ்சல்களை விட்டுவை" என்பதை இயக்குங்கள். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்பில் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் இது இருக்கிறது. அதன் கீழே "இத்தனை நாள் வரை", "நான் அழிக்கும் வரை" என்று இரண்டு துணைத் தேர்வுகள். மாறும் காலத்தில் இரண்டிலும் டிக் இருக்கக்கூடாது. இரண்டாவதில் டிக் இருந்தால், கணினியில் இடம் காலி செய்ய நீங்கள் அழிக்கும் அஞ்சல் சர்வரிலும் அழியும். ஐமேப்பில் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவருக்கு அது காணாமல் போகும்.

ஐபோனில் பாப்3 கணக்கு இருந்தால் அதன் மேம்பட்ட அமைப்பில் சர்வரிலிருந்து நீக்குவது பற்றி ஒரு வரி உண்டு: எப்போதும் இல்லை, ஏழு நாள் கழித்து, இன்பாக்ஸிலிருந்து நீக்கியதும். "எப்போதும் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிமெயிலில் கதை வேறு. பாப்3-இல் எடுத்த அஞ்சலை என்ன செய்வது என்பதை ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் உள்ள அமைப்பே தீர்மானிக்கிறது: இன்பாக்ஸில் வைத்திரு, படித்ததாகக் குறி, காப்பகத்துக்கு அனுப்பு, அழி. செயலியில் நீங்கள் என்ன டிக் செய்தாலும் அங்கே "அழி" என்று இருந்தால் பயனில்லை. முதலில் அங்கே போய் மாற்றுங்கள்.

மறந்துபோன சாதனம் ஒன்று எப்போதும் இருக்கும். அந்த அலுவலகத்தில் அது மாடியில் கிடந்த பழைய மடிக்கணினி. யாரோ எப்போதாவது ரசீது அச்சடிக்கத் திறப்பார்கள், திறந்த மாத்திரத்தில் இன்பாக்ஸ் காலியாகும். அப்படி ஒன்று இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள். தெரியாத சாதனம் உள்ளே நுழைய முடியாமல் தானே முறையிடும்.

9. ஐமேப் கணக்கைப் பழையதன் பக்கத்தில் சேருங்கள்

தண்டர்பேர்டில் ஒரு பாப்3 கணக்கை ஐமேப்பாக மாற்றும் பொத்தான் இல்லை. அதனால் புதியவர்கள் பழைய கணக்கை நீக்கிவிட்டு அதே முகவரியில் புதிதாகத் தொடங்குகிறார்கள். இடதுபக்கப் பட்டியலிலிருந்து பழைய அஞ்சல்கள் மறையும், மனம் பதறும். சிலர் அந்த வேளையில் "அஞ்சல் தரவையும் நீக்கு" என்பதில் டிக் செய்துவிட்டிருப்பார்கள். பிறகு காப்புப் பிரதிதான் கதி.

பழைய கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதே முகவரியில் இரண்டாவது கணக்காக ஐமேப்பைச் சேருங்கள். ஒரே முகவரிக்கு இரண்டு கணக்குகள் ஒரே செயலியில் இருப்பதில் தவறில்லை. குழம்பாமல் இருக்கக் கணக்குகளின் பெயரை "பழையது", "புதியது" என்று மாற்றிக்கொள்ளுங்கள்; வேலை முடியும்வரை இது பெரிய உதவி.

சான்றிதழ் (சர்வர் தன் பெயரை மெய்ப்பிக்கக் காட்டும் அடையாள அட்டை) பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் "ஏற்றுக்கொள்" என்று அழுத்திவிட்டுப் போகாதீர்கள். சொந்த டொமைன் பெட்டிகளில் சர்வர் பெயரை உங்கள் டொமைன் பெயரில் தட்டியிருப்பீர்கள். சான்றிதழ் சேவை நிறுவனத்தின் பெயரில் இருக்கும். சேவை நிறுவனம் கொடுத்த சரியான சர்வர் பெயரைப் போட்டால் எச்சரிக்கை நின்றுவிடும்.

10. சிறப்புக் கோப்புறைகளைப் பொருத்துங்கள்

ஐமேப்புக்கு மாறியவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் குறை இது: "அனுப்பிய அஞ்சல் கைபேசியில் தெரியவில்லை." காரணம், கணினி ஒரு பெயரில் உள்ள கோப்புறையிலும் கைபேசி இன்னொரு பெயரில் உள்ள கோப்புறையிலும் அனுப்பியவற்றை வைத்துக்கொண்டிருக்கும். 'சென்ட்', 'சென்ட் ஐட்டம்ஸ்', 'சென்ட் மெசேஜஸ்' என்று மூன்று கோப்புறைகள் ஒரே பெட்டியில் முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் சேவையின் இணையப் பக்கத்தில் நுழைந்து, அது எந்தக் கோப்புறையைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். அதையே எல்லாச் சாதனங்களிலும் தேர்ந்தெடுங்கள். வரைவு, குப்பை, காப்பகம் மூன்றுக்கும் இப்படியே. இதை ஏற்றும் வேலைக்கு முன்பே முடிக்க வேண்டும். பிறகு செய்தால் ஆயிரக்கணக்கான அஞ்சல்களை மறுபடி நகர்த்த வேண்டி வரும்.

ஜிமெயிலில், அனுப்பும்போதே அதன் சர்வர் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது. செயலியும் பிரதி வைக்கும்படி அமைத்தால் இரட்டிப்பாகும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

11. பழைய அஞ்சல்களைச் சர்வரில் ஏற்றுங்கள்

அதிக நேரம் எடுக்கும் வேலை இது, அவசரப்பட்டால் கெடும்.

முதலில் சர்வரின் இன்பாக்ஸில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மிகப் பழைய அஞ்சலின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மார்ச் 3 என்றால், அதற்கு முந்தையவற்றை மட்டும் கணினியிலிருந்து ஏற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஏற்றினால் மார்ச் 3-க்குப் பிந்தையவை இரண்டிரண்டாக நிற்கும். ஜிமெயிலில் "வைத்திரு" என்ற அமைப்பில் பல வருடம் இருந்தவர்களுக்கு அநேகமாக எல்லா அஞ்சலும் சர்வரிலேயே கிடைக்கும். ஏற்ற வேண்டிய தேவையே இராது.

பிறகு பத்தே பத்து அஞ்சலை வைத்து ஒரு சோதனை. ஐமேப் கணக்கில் "2019" என்று ஒரு கோப்புறை உருவாக்கி, பத்து அஞ்சலை அதில் நகலெடுங்கள். கைபேசியில் திறந்து பாருங்கள்: தேதி சரியா, இணைப்புக் கோப்பு திறக்கிறதா, தமிழ்த் தலைப்பு சிதையாமல் வந்ததா. சில செயலிகளில் பழைய அஞ்சல் ஏற்றிய நாளின் தேதியோடு மேலே வந்து நிற்கும். அப்படி வந்தால் வரிசையைப் "பெற்ற தேதி" என்பதிலிருந்து "அனுப்பிய தேதி"க்கு மாற்றிப் பாருங்கள். பத்தில் தெரியும் கோளாறைப் பத்தாயிரத்தில் காண வேண்டியதில்லை.

சோதனை சரி என்றால் வருடம் வருடமாக ஏற்றுங்கள், ஒரு தடவைக்கு 500 அல்லது 1000. மவுஸால் இழுத்துப் போட்டால் செயலி அதை நகர்த்தலாக எடுத்துக்கொள்ளும். நடுவில் இணைப்பு அறுந்தால் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டி வரும். வலது சொடுக்கில் வரும் "நகலெடு" என்பதையே பயன்படுத்துங்கள். பழைய பக்கத்தில் எதுவும் குறையாமல் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

நேரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஏற்றும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்றால் 6 ஜிபி போய்ச் சேர ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். நடைமுறையில் இன்னும் கூடும். நிறுவனங்களுக்கான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்குகளில் ஐமேப் வழியே ஒரு நாளில் ஏற்றுவதற்கு 500 எம்பி வரம்பு இருக்கிறது. அங்கே அதே 6 ஜிபிக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். வரம்பைத் தாண்டினால் கணக்கு சிறிது நேரம் முடக்கப்படலாம். வேலை நாளில் அது பெரிய தொல்லை.

கோப்பின் அளவை வைத்து அஞ்சலின் அளவைக் கணக்கிடாதீர்கள். இணைப்புக் கோப்பு அஞ்சலுக்குள் எழுத்துகளாக மாறித்தான் பயணிக்கிறது. ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது. 9 எம்பி கோப்பு பெட்டியில் 12 எம்பிக்கு மேல் பிடிக்கும்.

அனுப்பிய அஞ்சல்களை மறக்காதீர்கள். பாப்3 காலத்தில் அனுப்பியவை அந்தந்தக் கணினியில் மட்டும் இருக்கின்றன என்று மேலே சொன்னேன். இன்பாக்ஸை மட்டும் ஏற்றிவிட்டு ஓய்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்து, தாங்கள் கொடுத்த விலைப்புள்ளியைத் தேடும்போதுதான் உணர்கிறார்கள். மூன்று கணினிகளிலும் போய் எடுத்து வாருங்கள்.

12. எண்ணிச் சரிபாருங்கள்

ஒரு தாளில் கோப்புறைப் பெயர், பழைய கணக்கில் எண்ணிக்கை, புதிய கணக்கில் எண்ணிக்கை என்று மூன்று நெடுவரிசை போடுங்கள். கோப்புறையின் மேல் வலது சொடுக்கி அதன் பண்புகளைத் திறந்தால் எண்ணிக்கை தெரியும். 4,212 என்று இருந்தது 4,209 என்று வந்தால் அந்த மூன்றையும் கண்டுபிடிக்காமல் நகராதீர்கள். பெரும்பாலும் அவை சர்வர் ஏற்காத அளவு பெரிய இணைப்பு கொண்டவையாக இருக்கும். அளவின்படி வரிசைப்படுத்தினால் மேலேயே நிற்கும். அவற்றின் கோப்புகளைத் தனியாகச் சேமித்துவிடுங்கள்.

எண்ணிக்கை பொருந்தினாலும், ஒவ்வொரு வருடத்திலிருந்தும் இரண்டு மூன்று அஞ்சலை வேறொரு சாதனத்தில் திறந்து பாருங்கள். ஏற்றிய கணினியிலேயே பார்த்தால் போதாது. அங்கே தெரிவது அதன் உள்ளூர்ப் பிரதியாக இருக்கக்கூடும்.

13. பாப்3 எடுப்பதை நிறுத்துங்கள்

பழைய கணக்கின் அமைப்பில், தொடங்கும்போது அஞ்சல் பார்ப்பதையும் இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதையும் எடுத்துவிடுங்கள். இனி அது வெறும் பழைய அலமாரி. புதிய அஞ்சல் எழுதும்போது ஐமேப் கணக்கே தானாக வரும்படி அதை முதன்மைக் கணக்காக்குங்கள். இல்லாவிட்டால் அனுப்பியவை மறுபடி பழைய உள்ளூர்க் கோப்புறையில் போய் விழும்.

சேவையின் இணையப் பக்கத்தில் பாப்3-ஐ அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஜிமெயிலில் அந்த வசதி இருக்கிறது. ஐமேப்பை இயக்க அங்கே தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தனிநபர் கணக்குகளில் 2025 ஜனவரி முதல் அது எப்போதும் இயங்கியபடியே இருக்கிறது.

14. முதல் வாரத்தில் வரும் தொல்லைகள்

*"இடம் காலி செய்ய அழித்தேன், எல்லோருக்கும் போய்விட்டது."* பாப்3 பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. கைபேசியில் இடம் வேண்டுமென்றால் அஞ்சலை அழிக்கக்கூடாது. எத்தனை நாள் அஞ்சலைக் கைபேசியில் வைப்பது என்ற அமைப்பைக் குறைக்க வேண்டும். அழித்தது உடனே தெரிந்தால் குப்பைக் கோப்புறையில் இருக்கும். ஜிமெயில் 30 நாள் வைத்திருந்து பிறகு துடைக்கும்.

*"நிறைய அழித்தும் பெட்டி நிரம்பியே இருக்கிறது."* குப்பைக் கோப்புறை காலியாகவில்லை, அல்லது குறியிட்டவை துடைக்கப்படவில்லை. கோப்புறையைச் சுருக்கும் கட்டளையைக் கொடுங்கள், குப்பையைக் காலி செய்யுங்கள்.

*"ஒரே அஞ்சல் இரண்டு இடத்தில் தெரிகிறது."* ஜிமெயிலின் சிட்டைகள் (லேபிள்கள்) ஐமேப்பில் கோப்புறைகளாகத் தெரியும். இன்பாக்ஸில் இருப்பது 'ஆல் மெயில்' என்பதிலும் தெரியும்; சர்வரில் இருப்பது ஒன்றுதான். 'ஆல் மெயில்' கோப்புறையில் "கூடுதல் பிரதி" என்று நினைத்து அழித்தால் உண்மையானதே போய்விடும். கணினியில் இடம் மிச்சமாக வேண்டுமென்றால், ஐமேப்பில் காட்டாதிருக்க வேண்டிய சிட்டைகளை ஜிமெயிலின் அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம்.

*"இணைப்புகள் அதிகம் என்று பிழை."* ஐமேப்பில் ஒரு செயலி ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கும். ஜிமெயிலில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 வரை. மூன்று கணினி தலா ஐந்து திறந்தால் நான்காவதாக வரும் கைபேசிக்கு இடமில்லை. தண்டர்பேர்டின் சர்வர் அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குப் போய், தற்காலிகமாகத் திறந்து வைக்கும் இணைப்பு எண்ணிக்கையை இரண்டாகக் குறையுங்கள்.

*"எல்லாம் மறுபடி முதலிலிருந்து இறங்குகிறது."* சேவை நிறுவனம் பெட்டியை வேறு சர்வருக்கு மாற்றியிருக்கும். கோப்புறையின் அடையாள எண் மாறியதும், தன்னிடம் இருக்கும் பிரதியை இனி நம்ப முடியாது என்று செயலி முடிவு செய்கிறது. அது சரியான நடத்தை; இரவில் விட்டுவிடுங்கள், முடிந்துவிடும்.

இவற்றோடு ஒன்று. ஐமேப் காப்புப் பிரதி அல்ல. சர்வரில் போனது எல்லாச் சாதனங்களிலும் போகும். கடவுச்சொல் திருடுபோய் ஒருவர் உள்ளே புகுந்து அழித்தாலும் உங்கள் கணினி விசுவாசமாக அதையே செய்யும். மாதம் ஒருமுறை அந்த மாத அஞ்சலைத் தண்டர்பேர்டின் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுத்து, அதை வெளி வட்டிலும் வையுங்கள். அங்கே இருப்பதைச் சர்வர் தொடாது.

15. பழைய கணக்கை நீக்குவது

குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். அந்த மாதத்தில் யாராவது பழைய அஞ்சல் ஒன்றைத் தேடுவார்கள்; புதிய பக்கத்தில் அது கிடைக்கிறதா என்பதே உண்மையான சோதனை. தணிக்கையாளர் அலுவலகத்தில் மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளரின் 2017-ஆம் ஆண்டுக் கடிதம் தேவைப்பட்டது. சர்வரில் இல்லை. இரண்டாவது கணினியில், வாடிக்கையாளர் பெயரில் யாரோ உருவாக்கிய துணைக் கோப்புறைக்குள் ஒரு துணைக் கோப்புறையில் கிடந்தது. பழைய கணக்கு இருந்ததால் ஐந்து நிமிடத்தில் எடுத்து ஏற்றினோம். அன்றே மூன்று கணினிகளிலும் எல்லாக் கோப்புறைகளையும் கடைசிவரை விரித்து மறுபடி எண்ணினோம்.

மாதம் முடிந்து நீக்கும்போது தண்டர்பேர்ட் இரண்டு தேர்வுகளைக் காட்டும்: கணக்குத் தகவலை நீக்கு, அஞ்சல் தரவை நீக்கு. முதலாவதில் மட்டும் டிக் செய்யுங்கள். இரண்டாவதைக் காலியாக விடுங்கள்; அந்தக் கோப்புகள் வட்டில் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும்.